பழைய படகும் கேட்கப்படாத கேள்வியும்

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதினார். 2001இல் அவர் பகிர்ந்துகொண்ட நோபெல் பரிசுக்கு அடிப்படையான அக்கருத்து, பழைய கார்ச் சந்தையைக் காட்டியே வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. அமெரிக்க ஏரிகளில் ஓடும் பழைய படகும் அதற்குத் தக்க சான்றே. ஆனால், அக்கோட்பாடு தொடாத இடம் ஒன்றையும் அது காட்டுகிறது.

மின்னசோட்டாவில் ஒரு குடும்பத்தின் முன் ஒரே விலையில் இரண்டு படகுகள் நிற்பதாகக் கொள்வோம். ஒன்று வேக்போர்டிங்கிற்கென்றே கட்டப்பட்ட 'வி-டிரைவ்' படகு: பின்புற எஞ்சின், அலையைப் பெருக்கும் நீர்த்தொட்டிகள், கயிறு கட்டும் கோபுரம். மற்றொன்று, உலாவவும் நீந்தவும் ஏற்ற 'ஸ்டெர்ன்டிரைவ்' குடும்பப் படகு.

இரண்டிலும் மறைந்திருக்கக்கூடிய குறைகள் உண்டு. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டர் சொல்லும். எவ்வாறு பேணப்பட்டது என்று சொல்லாது. குளிர்காலத்திற்கு முன் நீரை வடிக்காது விட்டிருந்தால், அது உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்திருக்கலாம். பழைய கண்ணாடியிழைப் படகின் உட்புற மரச்சட்டங்கள் ஈரமேறி உளுத்திருக்கலாம். ஸ்டெர்ன்டிரைவின் ரப்பர் உறை கிழிந்தால் நீர் உள்ளே புகும். எனினும் இவற்றிற்குத் தீர்வு உண்டு: பராமரிப்புப் பதிவுகளைக் கேட்பது, நீரில் ஓட்டிப் பார்ப்பது, விற்பவரைச் சாராத ஆய்வாளரை அமர்த்துவது. இவ்வகை அறியாமையைச் சிறிது பணம் செலவிட்டுப் பெருமளவு நீக்கிக்கொள்ளலாம்.

யாரும் மறைக்காத, ஆனால் பலரும் கேட்கத் தவறும் கேள்வி வேறு: புரொப்பெல்லர் எங்கே இருக்கிறது? வி-டிரைவில் அது படகின் அடியில், பின்விளிம்புக்கு முன்னால் சுழல்கிறது. வழக்கமான ஸ்டெர்ன்டிரைவில் பின்விளிம்புக்கு வெளியே, நீந்துவோர் ஏறி இறங்கும் மேடையை ஒட்டிச் சுழல்கிறது. படகுக்கு மிக அருகில், கயிற்றை விட்டுவிட்டு அலைமீது சறுக்கும் வேக்சர்ஃபிங்கிற்கு அது ஏற்றதன்று. வால்வோ பென்டா நிறுவனம் புரொப்பெல்லரை முன்னோக்கி அமைத்த டிரைவைக் கொண்டுவந்ததே இவ்வேறுபாடு அற்பமானதன்று என்பதற்குச் சான்று.

வி-டிரைவ் முற்றிலும் தீங்கற்றது என்பதும் தவறு. மெதுவாக ஓடும்போதும் நின்று எஞ்சின் இயங்கும்போதும் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு பின்மேடையருகே திரளக்கூடும். எவ்வகைப் படகாயினும், நீரிலோ மேடையிலோ ஆள் இருக்கையில் எஞ்சினை அணைத்தாக வேண்டும்.

ஆகவே பிள்ளைகள் அலைமீது சறுக்கப் போகிறார்கள் எனில், சற்று அதிக நேரம் ஓடியதாயினும் நன்கு பேணப்பட்ட வி-டிரைவே தகுந்தது. உலாவுதலே முதன்மை எனில் ஸ்டெர்ன்டிரைவ் போதும். விலையும் மெருகும் இக்கேள்விக்குப் பின்னரே வர வேண்டும். விற்பவர் உண்மையை மறைப்பதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். தம் தேவை எதுவென்று தம்மையே கேட்டுக்கொள்ளாத வாங்குபவரைப் பற்றியும் பொருளியல் வகுப்பறைகள் பேசலாம்.