இடிக்கும் முன் எடுக்க வேண்டிய படம்

மலேசிய நாட்டின் பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போ. அது வெள்ளீயம் வளர்த்த நகர். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஈட்டித் தந்த செல்வமே அங்கே வங்கிகளாகவும் வணிக மாளிகைகளாகவும் உயர்ந்து நின்றது. 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, இளைஞர்கள் பிழைப்பு நாடி வெளியேறினர், பழைய நகரின் தெருக்கள் ஓசையடங்கின.

இன்று அத்தெருக்களில் மீண்டும் கூட்டம். சிதைந்து கிடந்த கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் புத்துருப் பெற்றுள்ளன. 2014ஆம் ஆண்டு லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச் அங்குள்ள சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். காப்பி அருந்தும் முதியவர் ஒருவரின் ஓவியமும் அவற்றுள் ஒன்று. அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ளாத பயணியர் அரியர். நகர் உயிர்பெற்றது நன்றே. ஆயினும் சுவரில் உள்ள முதியவரை ஓயாது படமெடுக்கும் நாம், அதே தெருவில் நாள்தோறும் அமர்ந்து காப்பி அருந்திய முதியவரைப் படமெடுத்தோமா?

1948க்கு முற்பட்ட கட்டடங்களுக்கு அந்நாட்டில் இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற்றது. பழைய நகர்ப்பகுதிகளில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோர் பலர் வெளியேற நேர்ந்தது. முகப்பைக் காக்கச் சட்டம் உண்டு. முகப்பின் பின்னே வாழ்ந்தவரைக் காக்க யார் உளர்? புதுப்பூச்சை மட்டும் காட்டும் படம் பாதி உண்மையே.

இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நெரிசல் மிக்க சந்துகளை அகற்ற 1866இல் சட்டம் இயற்றப்பட்டது. அப்பணியை ஏற்ற அமைப்பே தாமஸ் அன்னன் என்பாரைக் கொண்டு 1868 முதல் 1871 வரை அவற்றைப் படமெடுக்கச் செய்தது. அச்சந்துகளில் பெரும்பாலானவை இன்றில்லை. ஆனால் உலர்த்திய துணிகளும், அசைந்ததால் மங்கிய மனித உருவங்களும் அப்படங்களில் நிலைத்துள்ளன.

வறுமையை அழகுபடுத்திக் காட்டுவதாகாதா என்று சிலர் வினவலாம். பெயரும் தொழிலும் அறியாமல், இசைவு பெறாமல் எடுக்கும் படத்திற்கே அக்குற்றம் பொருந்தும். ஆதலின், மறுசீரமைப்புக்கு இசைவு கோருவோர் பணிக்கு முன்னும் பணியின்போதும் பின்னும் படமெடுத்து, தெரு, நாள், இசைந்தோர் பெயர் ஆகியவற்றுடன் பொதுநூலகத்தில் சேர்த்தல் கடமையாக்கப்பட வேண்டும். கடைப்பலகையும், கடைமுன் செல்லும் ஐந்தடி நடைபாதையும், சுவரை இடிக்கும் தொழிலாளியும் அவற்றில் இடம்பெறல் வேண்டும்.

கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். அதில் வாழ்ந்தவர் முகத்தை, அவர் போனபின் எந்தக் கருவியாலும் எடுக்க இயலாது.