மரம் வேஷம் இனி வேண்டாம்

ஸ்கூல் நாடகத்துல மரமா நின்னவங்க எத்தனை பேர் இங்க இருக்கீங்க? கூச்சப்படாம கையத் தூக்குங்க. நானும் தூக்கிட்டேன். மூணாவது படிக்கும்போது ரெண்டு கையிலயும் வேப்பங்கொத்தைப் பிடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் அசையாம நின்னிருக்கேன். மூக்கு அரிச்சது. சொறியக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு, அந்த நாடகத்துல ராஜாவா வந்த பையனோட வசனம் இன்னிக்கும் எனக்கு அத்துப்படி. அவனுக்கே மறந்து போயிருக்கும் :-)

இவ்வளவு பட்டும், போன வருஷம் நானே ஆறு குழந்தைங்களை மரமா நிக்க வெச்சேன். அந்தத் தப்பைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

எங்க அத்தை ஆத்தூர் பக்கத்துல ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில டீச்சர். ரெண்டே டீச்சர், அஞ்சு வகுப்பு, மொத்தம் 41 குழந்தைங்க. பாதிப் பேரோட அப்பா அம்மா குச்சிக்கிழங்குக் காட்டுலயும் சேகோ பேக்டரியிலயும் வேலை செய்யறவங்க. ஆண்டு விழா வரப்போகுது, பசங்களை வெச்சு ஒரு பாட்டு நாடகம் போடணும்னு அத்தை போன் பண்ணினாங்க. "டேய், காலேஜ்ல மைக்கைப் புடிச்சா விடமாட்டேங்கறியாமே, வந்து இங்க கொஞ்சம் கத்துக்குடு சாமி"ன்னாங்க. மறுக்க முடியுமா? தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை அரை நாள்னு போக ஆரம்பிச்சேன்.

கதை எல்லாருக்கும் தெரிஞ்ச சிங்கமும் முயலும்தான். தினம் ஒரு மிருகம் சிங்கத்துக்கு இரையாப் போகணும். முயல் வேணும்னே லேட்டா போயி, இன்னொரு சிங்கம் வழி மறிச்சதுன்னு கதை விட்டு, சிங்கத்தைக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போகும். தன் நிழலையும் எதிரொலியையும் நம்பி சிங்கம் உள்ள குதிச்சிடும். அத்தையும் நானும் உக்காந்து கும்மி மெட்டுல ஏழு சின்னப் பாட்டு கட்டினோம்.

அடுத்தது ஆள் தேர்வு. இங்கதான் என் வண்டவாளம் வருது. நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, சத்தமாப் பேசறவன், கொஞ்சம் கலரா இருக்கறவன், "நான் நான்"னு முன்னாடி வர்றவன்னு ஒன்பது பேரைப் பொறுக்கினேன். மிச்சத்துல ஆறு பேர் மரம். நாலு பேர் புல். மத்தவங்க கை தட்டணும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அந்த அஞ்சு நிமிஷத்துல 32 குழந்தைங்களுக்கு "நீ இதுக்கு லாயக்கில்ல"ன்னு சொல்லிட்டேன்னு எனக்கு அப்ப உறைக்கல.

மரங்கள்ல ஒருத்தன் ஒடிசாவுல இருந்து வந்த குடும்பத்துப் பையன். மூணாவது படிக்கறான். தமிழ் சரியா வராது, யாரோடயும் அதிகம் பேச மாட்டான். மரத்துக்கு வசனம் இல்லையே, ரொம்பப் பொருத்தம்னு நினைச்சேன். பாருங்க என் அறிவை.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை. சிங்கம் லீவு. மாமா வீட்டுல காதுகுத்தாம். சிங்கம் இல்லாம எப்படி ஒத்திகை பாக்கறதுன்னு நான் தலையைச் சொறிஞ்சிட்டு இருக்கும்போது, பின்னாடி இருந்து சிங்கத்தோட பாட்டு கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா நம்ம மரம்! கையில வேப்பங்கொத்தோட, முழுப் பாட்டையும், ஒரு சொல் விடாம. ழகரம் மட்டும் உதைச்சது. (நம்ம பசங்களுக்கும் அதே கதைதான், விடுங்க.) ஏழு பாட்டும் அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. ஏன் தெரியாது? மத்தவங்க அவங்க முறை வர்ற வரைக்கும் வெளிய விளையாடப் போயிடுவாங்க. மரம் மட்டும்தான் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அங்கேயே நிக்குது! அன்னிக்கு அவன்தான் சிங்கம். கிணத்துக்குள்ள எட்டிப் பாத்து அவன் போட்ட சத்தத்துல ஒண்ணாவது படிக்கற பாப்பா ஒண்ணு அழுதுடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

திங்கக்கிழமை பழைய சிங்கம் வந்துடுச்சு. அவங்கப்பா சேலத்துல இருந்து வாடகைக்கு டிரஸ் சொல்லி முன்பணம் கொடுத்துட்டாராம். நான் என்ன செய்ய? ஒடிசாப் பையன்கிட்ட போயி, "நீ மரமாவே நில்லு கண்ணு"ன்னேன். அவன் தலையாட்டிட்டு வேப்பங்கொத்தை எடுத்துக்கிட்டான். அழுதிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

விழா அன்னிக்கு சிங்கம் ரெண்டாவது பாட்டுல வரியை மறந்துட்டான். ஊரே உக்காந்திருக்கு. மைக்ல அவன் மூச்சு வாங்கற சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்ப மரம் மெதுவா அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துச்சு. சிங்கம் பிடிச்சுக்கிட்டான், நாடகம் நல்லபடியா முடிஞ்சது, பரிசெல்லாம் கொடுத்தாங்க. மரத்துக்கு ஒரு பென்சில் பாக்ஸ். எல்லா மரத்துக்கும் கொடுத்த அதே பென்சில் பாக்ஸ்.

இது நடந்து கொஞ்ச நாள்ல எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுல ராத்திரி கூத்து. சின்ன வயசுல இருந்து பாக்கற கூத்துதான். ஆனா அன்னிக்குத்தான் வேஷக்காரரை விட்டுட்டுப் பின்னாடி இருந்தவங்களைக் கவனிச்சேன். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். கூடவே பின்பாட்டு. வேஷக்காரர் ஒரு அடி பாடினா, பின்பாட்டுக்காரங்க அதை வாங்கித் திருப்பிப் பாடறாங்க. அந்த நேரத்துல அவர் ஆடறார், மூச்சு வாங்கிக்கறார், அடுத்த அடியை யோசிச்சுக்கறார். எங்கயாவது தடுமாறினா, கோமாளி குறுக்க பூந்து ரெண்டு கேள்வி கேட்டு சமாளிச்சுடறார். விடிய விடிய கட்டையில கத்தற அந்த மனுஷனோட பலமே பின்னாடிதான் இருக்கு.

எனக்குப் பொட்டுன்னு உறைச்சது. அந்தப் பையன் விழா அன்னிக்குச் செஞ்சது பின்பாட்டு! கூத்துல அதுக்கு ஒரு இடம் இருக்கு, பேர் இருக்கு, சம்பளம் இருக்கு. நான் அதையே ஒளிஞ்சு செய்யற வேலையா ஆக்கிட்டேன்.

என் கருத்து இதுதாங்க. தொடக்கப் பள்ளி நாடகத்துல மரம், புல், மலைன்னு சும்மா நிக்கற வேஷமே இருக்கக் கூடாது. வேஷம் கட்டாத ஒவ்வொரு குழந்தையும் பின்பாட்டுல பாடணும். இதுக்காக வெளிநாட்டுப் புத்தகம் எதையும் புரட்ட வேண்டாம், நம்ம ஊர் கூத்தே போதும்.

"எல்லாருக்கும் வாய்ப்புன்னா தரம் என்னாகும்? நல்லா பண்றவனைத்தானே முன்னாடி விடணும்?" இது அத்தை ஸ்கூல்லயே எனக்கு விழுந்த முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனா ஆளைப் பொறுக்கற இந்தப் பழக்கம் யாருக்குத் தேவைப்பட்டதுன்னு கொஞ்சம் பழைய கதையைப் பாக்கணும்.

குழந்தைங்களை வெச்சுப் பாட்டு நாடகம் போடறதுல தமிழ்நாட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல அனுபவம் இருக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் பெரியவங்களை வெச்சு நாடகம் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவர். 1918-ல மதுரையில அவர் ஆசிரியரா இருந்த பாலர் சபாவுல டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தாங்க. 1912-ல பிறந்த டி.கே. சண்முகத்துக்கு அப்ப ஆறு வயசு. அதாவது இன்னிக்கு ஒண்ணாவது படிக்கற வயசு! பின்னால எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் எல்லாருமே பாய்ஸ் கம்பெனியில வளர்ந்தவங்கதான். எப்பேர்ப்பட்ட கலைஞர்கள்னு நாம பெருமைப்படறோம். அதுக்குப் பின்னாடி வறுமையும் அடியும் இருந்தது. குரல் உடையற வயசு வந்தா, மகரக்கட்டு போச்சுன்னு சொல்லுவாங்க, அதோட பல பசங்களோட பாட்டுப் பிழைப்பு முடிஞ்சது. அந்தக் கம்பெனிங்க டிக்கெட் வித்தாகணும். அதனால பொறுக்கினாங்க.

நம்ம பள்ளிக்கூடம் யாருக்கு டிக்கெட் விக்குது? மேடைக்கு முன்னாடி உக்காந்திருக்கறது அந்தக் குழந்தைங்களோட அப்பா அம்மாதான். அன்னிக்குக் கூலியை விட்டுட்டு வந்திருப்பாங்க. தன் புள்ளை பாடறதைக் கேக்க வந்தவங்ககிட்ட முதுகைக் காட்டி நிக்கற மரத்தைக் காட்டி அனுப்பறது என்ன தரம்?

போட்டி வேற, ஆண்டு விழா வேற. தமிழக அரசு 2022-ல அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா ஆரம்பிச்சது. முதல்ல ஆறாம் வகுப்புல இருந்துதான் இருந்தது, 2024-25-ல ஒண்ணாம் வகுப்பு வரைக்கும் கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம். திறமை இருக்கற பையன் ஸ்கூலைத் தாண்டி வெளிய தெரியறதுக்கு அது ஒரு வழி. அங்க பொறுக்கித்தான் ஆகணும். ஆனா அதே கண்ணை ஆண்டு விழாவுக்கும் மாட்டிக்கிட்டு வரக் கூடாது. ஆண்டு விழா பள்ளிக்கூடத்துல இருக்கற அத்தனை பேருக்கும் பொது.

எல்லாருக்கும் இடம் கொடுத்தா தரம் கெடும்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம். இங்கிலாந்துல பெஞ்சமின் பிரிட்டன்னு பெரிய இசையமைப்பாளர். நோவாவோட வெள்ளக் கதையை வெச்சு "நோயிஸ் ஃப்ளட்"னு ஒரு இசை நாடகம் எழுதினார். 1958-ல ஆர்ஃபர்டுங்கற ஊர் சர்ச்சுல நடந்தது. மிருகங்களா வந்ததெல்லாம் உள்ளூர்ப் பசங்க. வயலின் இப்பத்தான் கத்துக்கறவனுக்குன்னு, விரலே வைக்காம வெறும் கம்பியில வாசிக்கற மாதிரி தனியா ஒரு பகுதி எழுதினார். மழைத்துளி சத்தத்துக்குப் பீங்கான் கோப்பைகளைக் கயித்துல கட்டித் தட்ட விட்டார். பாக்க வந்தவங்களும் சேர்ந்து பாடணும். குழந்தைக்கு என்ன வருமோ அதுக்குத் தகுந்த மாதிரி பாட்டை எழுதினார், அவ்வளவுதான். அது இன்னிக்கும் உலகம் பூராவும் நடந்துக்கிட்டு இருக்கு. தரம் கெட்டுப் போச்சா?

இன்னொரு பக்கம், "எதுக்கு இவ்ளோ கஷ்டம், பென் டிரைவ்ல ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ஆட விட்டா ஜனங்க விசில் அடிப்பாங்களே"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பைப் பாக்கற இடத்துல இந்த வழி ஏன் பிடிக்குதுன்னு எனக்கும் புரியுது. எனக்கும் குத்துப்பாட்டு பிடிக்கும், ஒண்ணு ரெண்டு இருந்துட்டுப் போகட்டும். ஆனா மொத்த நிகழ்ச்சியும் அப்படியே போச்சுன்னா, அந்த மேடையில ஒரு குழந்தையோட குரல்கூடக் கேக்காது. ஒத்திகையில அவங்க சொந்தமா ஒரு வார்த்தைகூடக் கத்துக்கவும் மாட்டாங்க. என்னோட ஒடிசாப் பையன் ரெண்டு வாரத்துல ஏழு பாட்டுத் தமிழ் பேசினான். அதை ஸ்பீக்கர் சொல்லிக் கொடுக்கல. கூட இருந்த குழந்தைங்க தினமும் வாயால பாடினதுதான் சொல்லிக் கொடுத்தது.

சரி, பேசறது ஈஸி, செஞ்சு காட்டுன்னு கேப்பீங்க. இந்த வருஷம் செஞ்சோம். அதே கதை, அதே பாட்டு.

முதல் வாரம் யாருக்கும் வேஷம் கொடுக்கல. எல்லாரும் எல்லாப் பாட்டையும் பாடணும். ரெண்டாவது வாரத்துல இருந்து வேஷம் தினமும் மாறும். இன்னிக்குச் சிங்கம் நாளைக்கு மான். யார் லீவு போட்டாலும் ஒத்திகை நிக்காது. விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் யாருக்கு எதுன்னு முடிவு பண்ணினோம், அதுவும் சீட்டுக் குலுக்கி. டிரஸ் யாரும் முன்கூட்டியே வாங்கக் கூடாதுன்னு அத்தை பெற்றோர்கிட்ட கறாராச் சொல்லிட்டாங்க. சிங்கத்துக்குப் பிடரி மயிர் கோணிச் சாக்கு நார்தான்.

வேஷம் இல்லாத குழந்தைங்கதான் கிணறு. கையைக் கோத்து வட்டமா நின்னாங்க. சிங்கம் உள்ள பாத்துக் கத்தும்போது, அத்தனை பேரும் சேர்ந்து அதையே திருப்பிக் கத்தணும். அதுதான் எதிரொலி! பின்பாட்டும் ஆச்சு, கிணறும் ஆச்சு. முப்பது குழந்தைங்க ஒண்ணா கர்ஜிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. முன் வரிசையில இருந்த பெரியவர் ஒருத்தர் சேரோட பின்னாடி நகர்ந்துட்டார். ரெண்டு இடத்துல முயல் மறந்துட்டா. கிணறு எடுத்துக் கொடுத்துச்சு, இந்தத் தடவை சத்தமாவே. ஜனங்க சிரிச்சாங்க, முயலும் சிரிச்சுட்டா. போன வருஷத்தை விடப் பிசிறு ஜாஸ்திதான், மறைக்கல. ஆனா வீட்டுக்குப் போகும்போது எல்லாக் குழந்தையும் பாடிக்கிட்டே போச்சு.

இதைப் படிக்கறவங்கள்ல நிறையப் பேர் காலேஜ் பசங்க. உங்க ஊர்லயும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கும், டீச்சருங்களுக்கு ஆள் பத்தாது. ஒரு மாசம் சாயங்காலம் ஒரு மணி நேரம் போயிட்டு வாங்க. பக்கத்துல கூத்துக் கலைஞர் யாராவது இருந்தா ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, உரிய மரியாதையும் காசும் கொடுத்து. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் அவங்களுக்குப் பஞ்சமே இல்லை.

கடைசியா ஒண்ணு. போன வருஷம் கூத்துப் பாத்துட்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையா அந்தப் பையனைப் பாக்கப் போனேன். "அடுத்த தடவை நீதான்டா சிங்கம்"னு சொல்லணும்னு. அவங்க குடும்பம் வேற வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போயிட்டாங்களாம். எந்த ஊர்னு அத்தைக்கும் தெரியல. இந்த மாதிரிக் குடும்பங்கள்ல அது சகஜம்.

குழந்தைக்கு "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்றது நமக்கு ரொம்பச் சுலபமா வருது. அந்த அடுத்த வருஷம் அவன் அங்க இருப்பானான்னு நமக்குத் தெரியாது. இப்ப ஏதோ ஒரு ஊர் ஸ்கூல்ல அவன் நாலாவது படிச்சுட்டு இருப்பான். அங்க ஒத்திகை நடத்தற அண்ணனோ அக்காவோ இதைப் படிச்சா, ஒரே ஒரு வேண்டுகோள். அவனை மரமா நிக்க வெச்சுடாதீங்க.