நாய் முடிக்கு எந்த எந்திரம்?

நாய் வளர்க்கும் வீட்டுக்காரரை வீதியிலேயே கண்டுபிடித்து விடலாம். அவருடைய கால்சட்டையைப் பார்த்தால் போதும். முழங்காலுக்குக் கீழே முடி ஒட்டிக் கொண்டு இருக்கும்.

பூனை வளர்ப்பவர் நிலைமை இன்னும் மோசம். தலையணையில் முடி. துவைத்து மடித்து வைத்த சேலையில் முடி. சில நாள் சாம்பாரிலும் முடி!

பெருக்கினால் போகிறதா? போகாது. விளக்குமாறு முன்னே போகும். முடி எழும்பிப் பறந்து பின்னால் வந்து உட்காரும்.

இந்தச் சமயம் பார்த்து விளம்பரம் கண்ணில் படுகிறது. "2,000 வாட் சக்தி! செல்லப் பிராணிகள் உள்ள வீட்டுக்கென்றே செய்யப்பட்டது!"

கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஒரு பிடி பஞ்சைத் தரையில் போடுகிறார். எந்திரம் "விர்ர்" என்று இழுத்து விடுகிறது. குடும்பமே வாயைப் பிளக்கிறது. வாங்கி விடுகிறோம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், எந்திரம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதன் மேலேயும் நாய் முடி இருக்கிறது!

என் கருத்தை இங்கேயே சொல்லி விடுகிறேன். தூசி உறிஞ்சும் எந்திரம், அதாவது வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர், அதன் மோட்டாரைப் பார்த்து மயங்கக் கூடாது. அதன் இரண்டு முனைகளைத்தான் பார்க்க வேண்டும். முடி உள்ளே போகிற முனை ஒன்று. காற்று வெளியே வருகிற முனை மற்றொன்று.

முடி கெட்டதா?

பல வீடுகளில் இது வெறும் சுத்தப் பிரச்சினை அல்ல. குழந்தைக்கு இளைப்பு வருகிறது. இரவில் மூச்சு "கீச் கீச்" என்கிறது. உடனே பாட்டி தீர்ப்புச் சொல்லி விடுகிறார்: "அந்த நாயைக் கொண்டு போய் யாருக்காவது கொடுத்துட்டு வாப்பா. பிள்ளை பிழைக்கட்டும்."

அப்பா தலை குனிகிறார். குழந்தை நாயைக் கட்டிக் கொண்டு அழுகிறது.

பாட்டியின் கவலை நியாயமானது. ஆனால், ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஒவ்வாமையை உண்டாக்குவது முடி அல்ல. நாய், பூனையின் எச்சிலிலும் தோலிலும் ஒரு வகைப் புரதம் இருக்கிறது. அதுதான் காரணம். பூனை தன் உடம்பை நக்குகிறது. எச்சில் முடியில் காய்கிறது. காய்ந்தது பொடியாகி உதிர்கிறது. தோலின் செதிலும் அதோடு சேர்ந்து பறக்கிறது.

முடி கண்ணுக்குத் தெரியும். இந்தப் பொடி தெரியாது. சோபாவிலும் மெத்தையிலும் திரைச் சீலையிலும் புகுந்து கொள்கிறது. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பி விட்டாலும், இது முற்றிலும் குறையச் சில மாதங்கள் ஆகும்.

ஆகவே, இளைப்பு வந்தால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். எதனால் வருகிறது என்று அவர் சோதித்துச் சொல்லட்டும். நாயாக இல்லாமல், மெத்தைத் தூசியாகவோ, கொசுவர்த்திப் புகையாகவோ கூட இருக்கலாம். எந்திரம் மருந்து ஆகாது. ஆனால் நல்ல எந்திரம் உதவும். மட்டமான எந்திரம் உபத்திரவம் செய்யும்!

எப்படி என்கிறீர்களா? அதற்கு இந்த எந்திரம் பிறந்த கதையைக் கேட்க வேண்டும்.

தலையணை உறையில் பிறந்தது

1901-ம் ஆண்டு, லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினீயர் தூசியை உறிஞ்சும் எந்திரத்தைச் செய்தார். அது வீட்டுக்குள்ளே நுழையாது. அவ்வளவு பெரியது. குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டுத் தூசியை இழுப்பார்கள்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். அங்கே ஒரு கடையில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் என்பவர் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. பெருக்கினால் தூசி எழும்பும். மூச்சு முட்டும். வேலையை விட்டால் வயிறு காயும். மனிதர் யோசித்தார். ஒரு விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை ஆகியவற்றை இணைத்துத் தானே ஓர் எந்திரம் செய்தார். இது நடந்தது 1907-ல். அடுத்த ஆண்டே உரிமை பெற்றார். பிறகு அந்த உரிமை ஹூவர் என்பவர் கைக்குப் போய், உலகம் எங்கும் விற்பனை ஆயிற்று.

மூச்சுத் திணறலில் பிறந்த எந்திரம் இது! ஆனால் தலையணை உறையில் என்ன கோளாறு? முடியும் மண்ணும் உள்ளே தங்கும். மெல்லிய பொடி, துணியின் கண் வழியாகத் திரும்ப அறைக்குள் வரும். இன்றும் மட்டமான எந்திரங்கள் செய்வது இதுதான். தரையில் படிந்து கிடந்ததைக் கிளப்பி, குழந்தையின் மூக்கு உயரத்துக்குக் கொண்டு வந்து விடுகின்றன.

காற்று வெளியே வரும் முனை

இந்த முனையில் ஒரு வடிகட்டி இருக்கும். 'ஹெபா' என்று பெயர் சொல்வார்கள். ஒரு மில்லி மீட்டரை 1,000 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்கள் 10,000 வந்தால், 9,997-ஐப் பிடித்து நிறுத்த வேண்டும். அதுதான் அமெரிக்கக் கணக்கில் ஹெபா. ஐரோப்பியக் கணக்கில் 'எச் 13' என்று போட்டிருந்தால் ஏறத்தாழ அதே தரம்.

இங்கே ஒரு சூது உண்டு. சில பெட்டிகளில் 'ஹெபா வகை', 'ஹெபா போன்றது' என்று அச்சடித்து இருப்பார்கள். தங்கம் போன்றது தங்கம் ஆகுமா? அந்த வார்த்தையைக் கண்டால் பெட்டியைக் கீழே வையுங்கள்.

வடிகட்டி நல்லதாக இருந்தும், அதைச் சுற்றி இடுக்கு இருந்தால் பயன் இல்லை. காற்று இடுக்கு வழியாக ஓடி விடும். கடையில் எந்திரத்தை ஓட விட்டு, மூடியின் ஓரத்தில் கையை வைத்துப் பாருங்கள். காற்று தெரிந்தால் வேண்டாம்.

பை வைத்த எந்திரமா, பை இல்லாத எந்திரமா என்று கேட்பார்கள். பை இல்லாததற்கு அடிக்கடி செலவு இல்லை. ஆனால், டப்பாவைக் கொட்டும்போது பொடி முகத்தில் அடிக்கும். பை வைத்தது அப்படியே முடிந்து எறியக் கூடியது. பைக்குப் பணம் ஆகும். இளைப்பு உள்ள வீட்டுக்குப் பைதான் என்பேன். அந்த எந்திரத்தின் பை உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரித்து விட்டுத்தான் வாங்க வேண்டும்.

வாட் என்றால் என்ன?

வாட் என்பது எந்திரம் சாப்பிடும் மின்சாரத்தின் அளவு. அது செய்யும் வேலையின் அளவு அல்ல. நிறையச் சாப்பிடுகிறவர் எல்லாம் நிறைய வேலை செய்கிறவரா? உங்கள் வீட்டிலேயே பாருங்கள்!

ஐரோப்பிய நாடுகளில் 2014-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 1,600 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 2017-ல் அதையும் குறைத்து, 900 வாட் என்று ஆக்கினார்கள். அதனால் அங்கே வீடுகள் அழுக்கடைந்து போய் விடவில்லை. குறைந்த மின்சாரத்தில் நன்றாக இழுக்கும்படி முனையையும் குழாயையும் திருத்தினார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. அங்கே அப்போது எந்திரங்களுக்கு மின் சிக்கன அட்டை ஒட்டி வந்தார்கள். அந்தச் சோதனையைக் காலிப் பையோடு நடத்தினார்கள்! பை நிறைந்தால் இழுவை குறையுமே என்று வழக்குப் போட்டார்கள். 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம், "இந்தச் சோதனை செல்லாது" என்று தீர்ப்பு அளித்தது. கடையில் நீங்கள் பார்ப்பதும் காலி எந்திரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மின் கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. 1,200 வாட் எந்திரத்தைத் தினம் 15 நிமிடம் ஓட்டினால், மாதம் 9 யூனிட் ஆகும்.

முடி உள்ளே போகும் முனை

இதுதான் முக்கியம். விளம்பரங்களில் வருவது கம்பளம் விரித்த வீடு. குளிர் நாட்டு வீடு. அங்கே கம்பளத்தைக் கிளறி முடியை எடுக்க, சுழலும் முரட்டுத் தூரிகை வேண்டும். நம் வீட்டில் டைல்ஸ், மொசைக், சிவப்புச் சிமெண்டுத் தரை. இங்கே அந்த முரட்டுத் தூரிகை முடியை உறிஞ்சுவதற்கு முன்னால் நாலு பக்கமும் சிதற அடிக்கும். தரைக்கு மெத்தென்ற உருளையோ, தூரிகை சுழலாத தட்டை முனையோ போதும்.

நம் வீட்டில் முடி குடியிருக்கும் இடம் துணி சோபா, மெத்தை, கார் இருக்கை ஆகியவைதான். அதற்குச் சுழலும் தூரிகை உள்ள சிறிய முனை ஒன்று தனியாக வேண்டும். அது பெட்டியிலேயே வருகிறதா, தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். 'செல்லப் பிராணிக்கு' என்று பெயர் போட்ட எந்திரத்திலும், சாதாரண எந்திரத்திலும் மோட்டார் ஒன்றாகவே இருப்பது உண்டு. இந்தச் சிறிய முனைதான் வித்தியாசம். அதற்கு எவ்வளவு அதிகம் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

உருளையில் முடி சுற்றிக் கொள்ளும். பொமரேனியன் நாய் முடியும், வீட்டுப் பெண்களின் தலை முடியும் சேர்ந்தால் கயிறு மாதிரி ஆகி விடும். உருளையைக் கையால் கழற்ற முடிகிறதா? கழற்றிக் கத்தரியால் வெட்டி எடுக்க முடிகிறதா? கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரருக்கே கழற்றத் தெரியவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பஞ்சுச் சோதனையை நம்பாதீர்கள். பஞ்சு எதிலும் ஒட்டாது. அதை யாரும் இழுக்கலாம். உங்கள் நாயின் முடியையே ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டு போங்கள். ஒரு பழைய துணித் திண்டையும் கொண்டு போங்கள். முடியைத் திண்டில் நன்றாகத் தேய்த்து, "இதை எடுங்கள், பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். குறிப்பாக, லாப்ரடார், சிப்பிப்பாறை, நாட்டு நாய் ஆகியவற்றின் முடி குட்டையானது. ஊசி போலத் துணியில் குத்தி நிற்கும். அதை எடுக்கிற எந்திரம் எதையும் எடுக்கும்.

கம்பி இல்லாதது, தானே ஓடுவது

கம்பி இல்லாமல் பாட்டரியில் ஓடும் எந்திரம் வந்திருக்கிறது. கைக்கு அடக்கமானது. ஆனால், பெட்டியில் போட்டிருக்கும் நேரம் குறைந்த வேகத்துக்கு உரியது. முடியை எடுக்க முழு வேகம் வைத்தால், நேரம் பெரிதும் குறைந்து விடும். பாட்டரி சில ஆண்டுகளில் தளரும். மாற்றுப் பாட்டரி கிடைக்காவிட்டால் எந்திரமே குப்பை.

தட்டு மாதிரி தானே ஓடும் எந்திரமும் இருக்கிறது. ஆள் இல்லாதபோது பெருக்கும். வயதான நாய் உள்ள வீட்டில், குட்டி உள்ள வீட்டில் இதை ஆள் இல்லாமல் விடாதீர்கள். நாய் எங்காவது அசுத்தம் செய்திருக்கும். எந்திரம் அதன் மேல் ஏறி, வீடு பூராவும் மெழுகி வைக்கும். நீங்கள் மாலையில் வந்து கதவைத் திறப்பீர்கள். மேலே சொல்ல வேண்டியதில்லை!

சிலருக்கு வேண்டவே வேண்டாம்

மரநாற்காலி, பாய், டைல்ஸ் தரை. ஒரே ஒரு நாய். யாருக்கும் இளைப்பு இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு இந்த எந்திரம் அவசியம் இல்லை என்பது என் எண்ணம். ஈரத் துணியால் துடைத்தால் முடி பறக்காமல் வரும். ரப்பர் கையுறையை லேசாக நனைத்து மாட்டிக் கொண்டு, திண்டின் மேல் ஒரே பக்கமாகத் தேய்த்தால் முடி உருண்டு திரண்டு வரும். செலவு சில ரூபாய்தான்.

எந்திரம் வாங்குகிறவர்களும் முதலில் வாங்க வேண்டியது சீப்பு. குட்டை முடி நாய்க்கு ரப்பர்ச் சீப்பு. நீள முடிக்குக் கம்பிச் சீப்பு. நாயை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போய்ச் சீவுங்கள். அங்கே உதிர்ந்த முடி சோபாவுக்கு வராது அல்லவா? இளைப்பு உள்ள குழந்தையிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். எந்திரம் ஓடும்போதும் அந்தக் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். பூனை படுக்கை அறைக்குள் வராமல் கதவைச் சாத்துவது, எந்த எந்திரத்தையும் விடப் பெரிய உதவி.

எந்திரத்தை யார் தள்ளப் போகிறார்களோ, அவர்தான் கடையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஐயா வாங்குகிறார், அம்மா தள்ளுகிறார். மாடி வீடு என்றால் படி ஏறித் தூக்குவதும் அவர்தான். நாயை ஆசையாக வாங்கி வந்தவரே எந்திரத்தையும் தள்ளட்டுமே!

வாங்கி வந்த அன்றே நாயின் முன்னால் ஓட விடாதீர்கள். அந்தச் சத்தம் நாய்க்குப் பெரிய பயம். நம் காதை விட அதன் காது கூர்மை. இரண்டு நாள் எந்திரத்தைச் சும்மா அறையில் வையுங்கள். மோந்து பார்க்கட்டும். பிறகு அடுத்த அறையில் கதவைச் சாத்திக் கொண்டு, ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அந்த நேரம் இந்தப் பக்கம் ஒருவர் நாய்க்குப் பிஸ்கட் கொடுக்க வேண்டும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். பூனைக்கு இந்தச் சிரமம் தேவை இல்லை. அது எந்திரத்தைக் கண்டதுமே பீரோ மேல் ஏறி விடும். ஓட்டி முடித்து, கம்பியைச் சுற்றி வைத்த பிறகுதான் இறங்கி வரும்.