கடைக் கணக்குக் கொப்பியும் பாடநூலே

ஹவுகன்ஸ்டுவாவின் அடுக்குமாடிகளில் எம்மவர் இருவர் சந்தித்தால் பிள்ளைகளின் படிப்பே முதற்பேச்சு. மருத்துவம், பொறியியல் என்ற பழைய வரிசையில் இன்று முகாமைத்துவ முதுமாணிப் பட்டமும் சேர்ந்துள்ளது. மகிழ்ச்சியே. ஆயினும் பட்டத்தின் பெயரைக் கேட்கும் நாம், அது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று கேட்பதில்லை.

1961இல் தொடங்கிய அகமதாபாத் இந்திய முகாமைத்துவ நிறுவனம், ஹார்வர்டின் துணையோடு புதுவழியொன்றை மேற்கொண்டது. உண்மையான நிறுவனங்கள் எதிர்கொண்ட சிக்கல்களை மாணவர் வகுப்பில் விவாதித்தனர். ஆயினும் அவை பிறர் எடுத்த முடிவுகள். நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2003இல் இன்னுமொரு படி சென்றது. அங்குள்ள தொழில் முயற்சியாளர் முதுமாணிக் கல்வியில், மாணவர் குழுவாகச் சேர்ந்து நிறுவனம் தொடங்கி, அதை நடத்தியவாறே படிக்கின்றனர். இப்பொருளை வாங்க ஆளுண்டா? முதல் எங்கிருந்து வரும்? விடை வாடிக்கையாளரிடமே உண்டு. நிறுவனம் வீழ்ந்தாலும் பாடம் நிலைக்கிறது.

நாமும் ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்தாம். குறிப்புச் சொன்னோம், மாணவர் எழுதினர், பரீட்சையில் அதையே எமக்குத் திருப்பித் தந்தனர். வாசலில் இருந்த தேநீர்க்கடைக்காரர் கடன் கொடுத்து அதை எவ்வாறு மீட்கிறார் என்று அறிந்துவர ஒரு மாணவரையேனும் நாம் அனுப்பியதில்லை. அது எமது தவறே.

அரிசியும் தேங்காயும் உறைந்த மீனும் விற்கும் எமது கடைக்காரர், எவ்வளவு கொள்வனவு செய்வது, எவருக்குக் கடன் கொடுப்பது என்பதைப் பட்டமின்றியே கற்றவர். ஆனால் மகனிடம், "நீ படி, கடைப்பக்கம் வராதே" என்கிறார். பனியில் பெட்டி சுமந்த தந்தையின் மனம் எமக்குப் புரிகிறது. எனினும் பல்கலைக்கழகம் தேடிச்செல்லும் பாடத்தையன்றோ அவர் வீட்டிலேயே பூட்டி வைக்கிறார்! தாயகத்தில் வணிகம் செய்து, இன்று இங்கு தஞ்சம் கோரிக் காத்திருப்போரின் அனுபவமும் அத்தகையதே.

அறிமுகமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு வேலைக்கதவு எளிதிற் திறக்கும். எம் பிள்ளைக்கு அந்த அறிமுகம் இல்லை. நிறுவனமொன்றில் செய்து முடித்த செயற்றிட்டமே, அவரது பெயருக்கு முன்னர் திறமையைக் காட்டும் சாட்சி.

எனவே பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். படிப்பில் செயற்றிட்டம் உண்டா? எந்த நிறுவனத்தோடு? அதை வழிநடத்தும் ஆசிரியர் யார்? மூன்றாவது கேள்வி முக்கியமானது. கேள்வி கேட்டுத் திருத்தும் ஆசிரியர் இல்லையேல், செயற்றிட்டம் என்ற பெயரில் கூலியில்லா வேலையே மிஞ்சும்.

எமது வணிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவருக்கு உங்கள் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். வாரந்தோறும் மரக்கறி ஏன் அழுகிப் போகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் நட்டம் குறையலாம். ஏட்டுச் சுரைக்காயும் அன்று கறிக்கு உதவும்.