“பம்ப் போயிட்டு” என்று சொல்ல முன்னர்



எங்கட ஊரில் பழைய டீசல் வாகனத்துக்கு ஒரே ஒரு வருத்தம்தான் இருக்கு போல. டொல்பின் வேன் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் “பம்ப் போயிட்டு”. ஆட்கள் ஏறியதும் இழுக்காவிட்டால் “பம்ப் போயிட்டு”. நடுவீதியில் நின்றாலும் “பம்ப் போயிட்டு”. பத்து நிமிடம்கூடப் பார்க்காமல் பம்பைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் வேன்காரரின் வீட்டு நகை அடகுக்குப் போகிறது. எங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குபவர்கள் இவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

டொல்பினில் டாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிட மோட்டார் கிடையாது. எஞ்சினில் இருக்கும் பம்புதான் பில்டர் வழியாக உறிஞ்சி எடுக்கிறது. அந்த லைனில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். “நிலத்தில் ஒரு சொட்டு இல்லை, லைன் நல்லம்” என்பது பிழையான முடிவு. வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், பில்டருக்கு மேலுள்ள ஹேண்ட் பம்பின் பழைய றப்பர், எல்லாம் சின்ன வேலைகள்.

ஹேண்ட் பம்ப் அடித்தால் மட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகிறதா? இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. காற்று போகும் இடத்தைத் தேடுங்கள். ஓட ஓடச் சக்தி குறைந்து, டாங்கி மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று சத்தம் வந்து சரியாகிறதா? மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. திறப்பைப் போட்டதும் பம்பில் ‘டிக்’ கேட்கவில்லையா? சொலனாய்டையும் அதன் வயரையும் பாருங்கள். பில்டரின் அடியில் தண்ணீர் நிற்கிறதா? திறந்து வடியுங்கள்.

இன்னும் சந்தேகமா? சுத்தமான டீசல் கேன் ஒன்றைப் பம்பை விட உயரத்தில் கட்டுங்கள். பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, கேனிலிருந்து நேராகக் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். காற்றை எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள. வேன் சீராக ஓடினால் பெரும்பாலும் பம்பில் குற்றமில்லை. முதலில் டாங்கியையும், அதற்கும் பம்புக்கும் இடையிலும் தேடுங்கள். அதே குறை இருந்தால் மட்டும் பம்பையும் நோசிலையும் பற்றிப் பேசுவோம்.

உண்மையிலேயே பம்ப் போவதும் உண்டு. அதில் வாகனக்காரரின் பங்கும் இருக்கிறது. 2022 வரிசைக் காலத்தில் கேனிலும் பரலிலும் சேர்த்த டீசலோடு தண்ணீரும் துருவும் டாங்கிக்குள் போயின. அதன் பிறகு எத்தனை பேர் டாங்கியை இறக்கிக் கழுவினீர்கள்? அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ஆகும் வரை, மலிவு என்று டீசலோடு கலந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை. டீசல்தான் அதற்கு ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. மிச்சம் பிடித்த காசைப் பம்ப் தின்றுவிடும்.

“சேர், நீங்க பாடத்தைப் படிப்பிங்க” என்று கொமெண்ட் வரும். வரட்டும். விடைத்தாளைத் திறக்காமல் உங்கள் பிள்ளைக்கு நான் ‘பெயில்’ போட்டால் சும்மா இருப்பீர்களா? அதே கேள்வியைக் கராஜிலும் கேளுங்கள்: “கழற்ற முன்னர் என்ன பார்த்தீங்க?”

பாஸ்மாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஒரு மணி நேரம் தேடி ஒரு கிளிப்பை இறுக்கியவரிடம் “இதுக்கா காசு?” என்று கேட்கிறோம். பம்பைக் கழற்றியவருக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். பிறகு அவர் எதைக் கழற்றுவார்? பார்த்துக் கண்டுபிடிப்பதும் தொழில்தான், அதற்கும் கூலி உண்டு. அதைத் தயங்காமல் கொடுங்கள். பாஸ்மாரே, உங்கள் கையில் வரும் வாகனம் அமானிதம். சோதித்துவிட்டுக் கழற்றுங்கள்.