முதலில் அட்டையா, வாசகரா?

"புதுசா ஒரு இசைப் பத்திரிகை வடிவமைச்சுட்டு வா" என்று காலேஜில் ப்ராஜெக்ட் கொடுத்தால், நம்ம பிள்ளைகள் உடனே எழுத்துரு தேடுவார்கள். அடுத்து, கிடாரோடு ஓர் அட்டைப்படம். யார் வாசிப்பார்கள் என்பது கடைசியில்தான். என்னைக் கேட்டால், அதுதான் முதலில் வரணும்.

1983-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்ருதி' கர்நாடக இசை, நாட்டிய ரசிகர்களுக்கு. 1993-ல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' வந்தது நம்மூர் ராக் பேண்டுகளைப் பற்றி எழுத. தொடங்கிய இடம் பம்பாயோ பெங்களூரோ இல்லை, அலகாபாத்! வாசகர் யாரென்று தெரிந்தால் ஊர்கூட ஒரு தடையில்லை.

பெங்களூரையே பாருங்க. சாமராஜ்பேட்டையில் ராமநவமிக் கச்சேரி. அரண்மனை மைதானத்தில் 2007-ல் அயர்ன் மெய்டன். அம்மாவோடு கச்சேரிக்கும் நண்பர்களோடு ராக் ஷோவுக்கும் போகிற, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிற பிள்ளைக்கு என்று ஒரு பத்திரிகை உண்டா? அந்த வாசகரைத் தேடி அலைய வேண்டாம். ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளையே அவர்தான்.

இது முடிவானால் மற்றதெல்லாம் கணக்கு. நடுவில் பின் அடிக்கிற இதழுக்குப் பக்கங்கள் 4-ன் மடங்காக இருக்கணும். 16 பக்கம் என்றால் கச்சேரிப் பட்டியலுக்கு எத்தனை, பேட்டிக்கு எத்தனை? வாசகரைத் தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார்.

எழுத்துரு மெதுவா வரட்டும். நீங்க என்ன சொல்றீங்க?