வலவனும் கைப்பேசியும்

தேர் ஓட்டுபவனைப் பண்டைத் தமிழர் வலவன் என்று வழங்கினர். வினைமுடித்து இல்லம் நோக்கி மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு தன் வலவனுக்குக் கூறுவதாக அமைந்த பாடல்கள் நம் அகநூல்களிற் பல உள. மாணவர்களே, ஒன்றைக் கருதுங்கள். தேரில் அமர்ந்து பேசும் தலைவனும், அதனைச் செலுத்தும் வலவனும் ஒரே வழியைக் காண்கின்றனர். பள்ளம் வரின் இருவரும் அறிவர். பேச்சும் தானே நின்றுவிடும். இக்காலத்து வலவனோடு கைப்பேசியிற் பேசுவோர் அவனது வண்டியில் இல்லை. எங்கோ ஓர் அறையில் அமர்ந்து, அவன் முன்னே குறுக்கிடும் ஆட்டுக்குட்டியைக் காணாமலே, நேற்றைய கடைக்கணக்கை வினவிக்கொண்டிருக்கின்றனர்.

மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். வந்த செய்தி யாருடையது என்று குனிந்து பார்க்க மூன்று நொடி ஆகுமெனக் கொள்வோம். அதற்குள் வண்டி 50 மீட்டர் சென்றுவிடும். அத்தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுக என்றால் எவரும் இசையார். குனிந்த தலையோடு ஓட்டவோ பலரும் அஞ்சுவதில்லை.

“யான் கைப்பேசியைக் கையால் தொடுவதில்லை; காதிற் கருவி பொருத்தியே பேசுகின்றேன்” என்று சிலர் பெருமிதத்துடன் கூறுவர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. கனடா நாட்டின் டொராண்டோ நகரில், மோதலுக்குள்ளான ஓட்டுநர் 699 பேரின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். பேசிக்கொண்டு ஓட்டுங்கால் மோதல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது என்பது அம்முடிவு. கையிற் பிடியாது பேசுவோர்க்கும் அதனால் தனிப் பாதுகாப்பு ஒன்றும் புலப்படவில்லை. கை ஓய்வாக இருந்தென்ன? உள்ளம் சாலையில் இல்லையே.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தி, ஓட்டுங்காற் கைப்பேசியைக் கையாளுதலை அபாயகரமாக ஓட்டும் குற்றத்துள் அடக்கினர். நன்று. எனினும் காவலர் காண்பது ஓட்டுநரின் கையை. அவருள்ளம் எங்கே உலவுகின்றது என்பதை எவர் காண்பார்?

திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செய்யத்தக்கதில் நிற்கவேண்டிய உள்ளம் பிறிதொன்றிற் சென்று அதனை மறந்திருத்தலே பொச்சாப்பு. அதற்கு நாற்பதாண்டு வகுப்பறையிற் பொருள் கூறிய யான், அதனை உள்ளவாறு உணர்ந்தது பணி ஓய்வுபெற்ற பின்னரே.

ஒருநாள் மாலை என் இளைய மகன் இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் வேளையில் அவனை அழைத்தேன். வெற்றிலை வாங்கிவரச் சொல்வதற்காக! “சொல்லுங்கள், அப்பா” என்றான். காற்றின் இரைச்சல் கேட்டது. வண்டியில் வருகின்றான் என்று அறிந்தும் யான் பேச்சை நிறுத்தவில்லை. கும்பகோணம் வெற்றிலையே வேண்டும், சென்ற முறை வாங்கியது முற்றல் என்று விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். பேருந்தொன்றின் ஒலிப்பான் ஓசை எழுந்தது; ஏதோ மோதிற்று; பின்னர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். விடையில்லை. கால்மணி நேரம் கடந்து, எவரோ ஒருவரது கைப்பேசியிலிருந்து அவன் பேசினான். முன்சென்ற பேருந்து திடீரென நின்றதை அவன் காணவில்லையாம். சாலையோர மணலில் வீழ்ந்தமையால் மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று.

மருத்துவமனைக்கு வந்தோர் அனைவரும் அவனையே கடிந்தனர். அழைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஓட்டுநரைப் பழிக்கும் நாம், அவரை ஓயாது அழைக்கும் வீட்டாரையும் அலுவலகத் தலைவரையும் ஏனோ விட்டுவிடுகின்றோம். அழைப்பை உடனே ஏற்காவிடில் சினக்கும் தந்தைக்கு மகனாகப் பிறந்தவன், ஓடும் வண்டியிலும் அதனை ஏற்கத்தான் செய்வான். அப்பழக்கத்தை அவனுக்கு ஊட்டியவன் யானே.

இப்பொழுது எவரை அழைப்பினும், யான் முதலிற் கேட்பது நலமன்று, “வண்டியில் இருக்கின்றீர்களா?” என்பதே. ஆம் என்று விடை வந்தால், மேலும் ஒரு சொல் கூறாது அழைப்பைத் துண்டித்துவிடுகின்றேன். உறவினர் சிலர் இதனை மரியாதைக் குறைவாகக் கருதுகின்றனர். கருதட்டும்.